லீவு நாளில் சின்னப் பிள்ளைகளோடு எதைச் செய்யலாம்: கூடா, காட்டுக் காயா, உருண்டையா, டொபியா?

டிசம்பர் லீவு வந்தால் இலங்கை மலைநாட்டு வீடுகளில் எழும் கேள்வி இது. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள். வெளியே விட்டால் மழை. நத்தார் வருகிறது, அதன் பின்னாலேயே பொங்கல். "ஏதாவது செய்வோம்மா" என்று நச்சரிக்கிறார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கிடைப்பது ஒரு ஞாயிறு, இல்லாவிட்டால் ஒரு போயா (பௌர்ணமி லீவு). அந்த ஒரு நாளில் காகித விளக்குக் கூடு கட்டுவதா, பலகாரம் செய்வதா என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

போனில் பார்க்கும் வீடியோக்கள் இதற்கு அதிகம் உதவாது. ஓவன் இருக்கிற, காற்று காய்ந்திருக்கிற, மேசை அகலமாக இருக்கிற வீட்டை நினைத்து எடுத்தவை அவை. ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), ஒரு அடுப்பு என்று இருக்கிற வீட்டில், பசை காயவே ஒரு நாள் எடுக்கிற ஈரத்தில், அதே வேலை வேறு மாதிரி முடியும். ஆகவே நம் பக்கத்துக்குப் பொருந்துகிற நாலு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காகிதக் கூடும் நட்சத்திரமும், மலையில் பொறுக்கிய காயும் இலையும், அடுப்பு மூட்டாத உருண்டை, அடுப்பில் கிண்டும் டொபி.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பிள்ளையின் கை எவ்வளவு படுகிறது என்பது. முடிந்த பொருள் எவ்வளவு அழகு என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அம்மா கட்டி முடித்த அழகான கூட்டைப் பார்த்து நிற்கும் பிள்ளையைவிட, கோணல்மாணலான உருண்டையைத் தானே உருட்டிய பிள்ளைக்குத்தான் அந்த நாள் சொந்தம். மூன்று வயதில் கிழிக்க, நொறுக்க, பிசைய, உருட்டத் தெரியும். ஐந்து வயதில் கத்தரிக்கோலால் ஏறக்குறைய நேராக வெட்டலாம். எட்டு வயதில் அளக்கலாம், முடிச்சுப் போடலாம், பொறுமையாக நிற்கலாம். வேலையை இதற்கு ஏற்றபடி தேர்ந்தால் பாதிச் சண்டை வராது.

அடுத்தது ஈரமும் குளிரும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை நன்றாகப் பெய்யும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் பெருமழை; ஆனாலும் டிசம்பரில் மூட்டத்துக்குக் குறைவில்லை. காகிதத்துக்கும் பசைக்கும் இது எதிரி. உருண்டைக்கும் டொபிக்கும் சில நேரம் நண்பன்.

அப்புறம் நேரம். நாலு வயதுப் பிள்ளை ஒரே வேலையில் கால் மணி, இருபது நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. செலவு என்று பார்த்தால், கடையில் கொடுக்கும் காசோடு கேஸ், தேங்காய், மறுநாள் துடைக்கும் வேலை எல்லாம் சேரும். கடைசியாக ஆபத்து. தோட்டத்துத் தூரத்து டிவிஷனில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிப்பதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்க்கிறேன்.

## காகிதக் கூடும் நட்சத்திரமும்

வெசாக்கில் சந்திக்குச் சந்தி தொங்கும் கூட்டையும் நத்தாருக்கு இஸ்தோப்பில் தொங்கும் நட்சத்திரத்தையும் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதனால் முதலில் கேட்பதும் அதுதான். மூங்கில் பத்தை வளைத்து, டிசுத் தாள் ஒட்டிய எண்கோணக் கூடு என்றால் அது பெரியவர்களின் வேலை. பிள்ளைக்குக் கிடைப்பது டிசுத் துண்டை நீட்டிக் கொடுப்பது மட்டும்.

சின்னப் பிள்ளைக்கு வேறு ஒரு வகை இருக்கிறது. ஒரு வண்ணத்தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்தில் இருந்து விரல் அகலத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். மறு ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெட்டாமல் விட வேண்டும். விரித்து, உருளையாக வளைத்து ஒட்டி, மேலே ஒரு பட்டி வைத்தால் கூடு. ஐந்து வயதுப் பிள்ளை இதை முழுக்கத் தானே செய்யும். நட்சத்திரத்துக்கு ஐஸ்கிரீம் குச்சி ஆறு எடுத்து இரண்டு முக்கோணம் செய்து, ஒன்றை மற்றதன் மேல் தலைகீழாக வைத்து ஒட்டினால் ஆறு முனை வந்துவிடும்.

செலவு பார்வைக்குக் குறைவு. ஆனால் பைண்டர் கம், டிசு, பிரிஸ்டல் போட், குச்சி என்று சேர்ந்தால் ஒரு கிலோ சீனி வாங்கும் காசைத் தாண்டிவிடும். கம் வாங்காமல் கோதுமை மாவில் பசை காய்ச்சலாம், ஆறிய சோற்றுப் பருக்கையையே தேய்க்கலாம். பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் போடும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு. விரலை வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மழை நாளில் பசை காயாமல் தாள் நழுவும், பிள்ளை அழும். பசையை மெல்லிசாகப் பூசி, ஒட்டிய இடத்தைத் துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்து வையுங்கள். டிசுவின் சாயம் ஈரத்தில் இறங்கும். புதுச் சட்டையோடு உட்கார வைக்காதீர்கள்.

வெளிச்சத்தில்தான் பெரிய கவலை. பலகைக் கூரைக்குக் கீழே, வரிசையாக ஒட்டிய காம்பராக்களில், காகிதத்துக்குள் மெழுகுதிரி வைப்பது கூடாது. அதற்குப் பதிலாக விற்கும் குட்டி எல்ஈடி விளக்குகளிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பொத்தான் மாதிரி வட்டப் பட்டரியைப் பிள்ளை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடிய விளக்கை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் டோர்ச்சைக் கூட்டுக்குள் கட்டித் தொங்கவிடுங்கள், அதுவே போதும்.

## மலையில் பொறுக்கிய காயும் இலையும்

செலவில்லாத வழி. நம் மலையைப் போல இதற்கு வசதியான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். பைன் காட்டின் ஓரத்தில் காய்கள் கொட்டிக் கிடக்கும். நம் தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும். அதை அப்படியே அட்டையில் ஒட்டினால் நட்சத்திரத்துக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரத்தடியில் சின்னச் சின்ன மூடிக் காய்கள் கிடைக்கும். நத்தார் மரத்துக்கு சைப்ரஸ் கொப்பு ஒன்று போதும், அதுவும் மரத்துக்காரரிடம் கேட்டு.

பைன் காயில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நனைந்த காய் இதழை மூடிக்கொள்ளும், காய்ந்தால் திறக்கும். மழையில் பொறுக்கி வந்த மூடிய காயை அடுப்புக்குப் பக்கத்தில், நெருப்பு படாத தூரத்தில் வைத்துவிட்டால், சில மணி நேரத்தில் மெல்ல விரியும். பிள்ளை அடிக்கடி வந்து பார்க்கும். மறுபடி தண்ணீரில் போட்டால் மூடும். விரிந்த காயின் இதழ்களுக்கிடையில் பஞ்சும் வண்ணத்தாள் துண்டும் செருகுவதை மூன்று வயதுப் பிள்ளைகூடத் தனியாகச் செய்யும், பசையே வேண்டாம். ஈரத்தால் கெடாத கைவேலை என்று நான் சொல்வது இதை ஒன்றைத்தான்.

வண்ணம் வாங்க வேண்டியதில்லை. கடுஞ்சாயமாக ஊற்றி ஆற வைத்த தேத்தண்ணியில் வெள்ளைத்தாளை நனைத்தால் பழைய ஓலை நிறம் வரும். பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கில் பெரியவர் ஒரு பூ செதுக்கிக் கொடுக்க, பீட்ரூட் சாற்றில் தொட்டுத் தொட்டுப் பிள்ளை அச்சுக் குத்தலாம். பீட்ரூட் நிறம் வெயிலிலும் நாள்பட்டும் பழுப்பாகிவிடும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

இதில் செலவாவது பெரியவரின் கண். ஈரக் காட்டில் இரத்தம் உறிஞ்சும் அட்டை உண்டு. குளவிக்கூடு இருக்கும் மரத்தை முதலில் நோட்டமிட வேண்டும். மருந்து அடித்த தேயிலை மலைக்குள் இலை பறிக்க விடக் கூடாது. பாதையோரத்தில் எக்காளம் மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூ, இலை முதல் விதை வரை நஞ்சு. அழகாக இருப்பதால் பிள்ளை அதைத்தான் முதலில் பிடுங்கும். ஹோட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனால் அங்கே எதையும் பொறுக்கக் கூடாது, அது தேசிய பூங்கா. தேயிலைக் காய், கருப்பந்தைலக் காய் போன்ற உருண்டைகளை மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

## அடுப்பு மூட்டாத உருண்டை

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் என் முதல் பதில் இதுதான். ஒரு மாரி பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து, கெட்டியான பைக்குள் போட்டு, உருட்டுக்கட்டையைப் பிள்ளை கையில் கொடுங்கள். நொறுக்குவது அதன் வேலை. 200 கிராம் பிஸ்கட்டுக்கு அரை டின் டின்பாலில் (சீனி சேர்த்த கட்டிப்பால்) தொடங்கி, பிடி பிடிக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இரண்டு கரண்டி கொக்கோ, வறுத்துப் பொடித்த கச்சான் (நிலக்கடலை) இருந்தால் ஒரு பிடி. உருட்டி, தேங்காய்ப்பூவில் (துருவிய தேங்காயில்) புரட்டினால் முடிந்தது. பிசைவதும் உருட்டுவதும் புரட்டுவதும் எல்லாம் பிள்ளையின் கை. டின்னைத் திறப்பது மட்டும் பெரியவர், அந்த விளிம்பு வெட்டும்.

குளிர்ச்சாதனப் பெட்டி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிக் கிடப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதையே இங்கே வேலைக்கு வாங்கலாம். போத்தலைச் சுடுதண்ணியில் வைத்து இளக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் கலவையில் விட்டுப் பிசையுங்கள். உருட்டி மூடி வைத்தால் இரவுக் குளிரிலேயே இறுகிவிடும். கொழும்பில் இருக்கும் சித்திக்கு இது நடக்காது.

டின்பால் பிடிக்காதவர்கள் சிங்கள வீடுகளில் செய்யும் அக்கலா மாதிரி, வறுத்த அரிசி மாவைக் கித்துள் பாணியில் (கித்துள் பனைப் பாகில்) பிசைந்து, துளி மிளகுத்தூள் போட்டு உருட்டலாம். குளிருக்கும் தேத்தண்ணிக்கும் அவ்வளவு பொருத்தம். அரிசியை வறுத்து இடிப்பதை முதல் நாளே பெரியவர் முடித்து வைக்க வேண்டும். வறுக்காத கோதுமை மாவில் மட்டும் உருண்டை பிடிக்காதீர்கள். பச்சை மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம், பிள்ளையோ கையை நக்கிக்கொண்டேதான் பிசையும்.

மறைவான செலவு தேங்காய். நுவரெலியாவின் உயரத்தில் தென்னை காய்க்காது, கீழிருந்துதான் ஏறி வர வேண்டும். 2024 முடிவில் இருந்து விலை ஏறியதை எல்லா அடுப்பங்கரையும் அறியும். புரட்டுவதற்குக் கால் மூடி போதும். பச்சைத் தேங்காய்ப்பூ போட்ட உருண்டையை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். நாலைந்து நாள் வைக்க வேண்டுமானால் கொக்கோத் தூளிலோ பிஸ்கட் தூளிலோ புரட்டுங்கள்.

இன்னொரு செலவு சீனி. டின்பாலில் கிட்டத்தட்டப் பாதி சீனிதான். 2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சீனி சேர்த்த பண்டம் வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. தம்பிப் பாப்பா பிசையட்டும், சாப்பிட வாழைப்பழம் கொடுங்கள். முழுக் கச்சானை உள்ளே வைக்க வேண்டாம், ஐந்து வயது வரை அது தொண்டையில் சிக்கும் பண்டம். சின்னப் பிள்ளைக்கு உருண்டையைத் தட்டி வடை மாதிரித் தட்டையாகக் கொடுப்பது நல்லது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் கச்சான், பால் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## அடுப்பில் கிண்டும் டொபி

தேங்காய் டொபியும் பால் டொபியும் நம் பண்டிகைத் தட்டில் இல்லாமல் முடியாது. ருசியில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்காது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் பங்கு குறைவு, ஆபத்து அதிகம். சீனிப்பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 பாகை. பதுளையில் சுமார் 98, அட்டனிலும் பண்டாரவளையிலும் 96, 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகை செல்சியஸ். பாகும் அதே அளவு முந்திப் பதத்துக்கு வரும். மென்மையான உருண்டைப் பதம் என்று புத்தகங்கள் சொல்லும் 112 முதல் 115 பாகை, நுவரெலியாவில் 106 முதல் 109 தான். கொழும்பு வீடியோவைப் பார்த்து 115 வரும் வரை காத்திருந்தால் டொபி கல்லாகும். வெப்பமானி எதுவும் வேண்டாம். நம் பாட்டிமார் செய்தபடி ஒரு கோப்பைப் பச்சைத்தண்ணியில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வருகிறதா என்று பாருங்கள். இது எந்த உயரத்திலும் பொய்க்காது. சொட்டு ஆறியபின் அந்தத் திரட்டும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

தேங்காய் டொபிக்கு இரண்டு கோப்பைச் சீனி, அரைக் கோப்பைப் பால், இரண்டு கோப்பைத் தேங்காய்ப்பூ, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சீனி கரைந்து பதம் வந்ததும் தேங்காய்ப்பூவைப் போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கிண்ட வேண்டும். நிறத்துக்குக் கடைசியில் ஒரு கரண்டி பீட்ரூட் சாறு. ஒரு துளி தேசிக்காய் விட்டால் சிவப்பு நிற்கும். குளிர் வீட்டில் தட்டு சில்லென்று இருந்தால் பரப்புவதற்குள் கட்டிபிடித்துவிடும், தட்டை முன்பே அடுப்போரம் வைத்துச் சூடாக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே துண்டு போட வேண்டும். பால் டொபிக்கு இதைவிட நீண்ட நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும், கேஸும் அதற்கேற்பப் போகும். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் கொப்பு) எரிக்கும் அடுப்பில் தணல் ஏறி இறங்குவதால் அடி பிடிக்கும். விறகடுப்பு வீட்டில் தேங்காய் டொபியே உகந்தது.

பிள்ளைக்கு என்ன வேலை? ஏலக்காய் உரிப்பது, தட்டுக்கு எண்ணெய் தடவுவது, எல்லாம் ஆறியபின் வண்ண டிசுவில் துண்டுகளைச் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்குவது. இந்தச் சுற்றும் வேலை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். இடையில் உள்ள அரை மணி நேரம் அடுப்பங்கரைக்குள் பிள்ளை வரக் கூடாது. அதற்குத் தனியாக ஓர் ஆள், அப்பாயியோ அம்மாயியோ, வேண்டும். ஆள் இல்லாத நாளில் டொபி கிண்டாதீர்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் பீலித் தண்ணியில் (குழாயில் ஓடும் தண்ணியில்) 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் பூச வேண்டாம். ஒட்டிய பாகைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

## ஒரே பார்வையில்

| | பிள்ளையின் பங்கு | ஈரக் காலத்தில் | நேரம் | செலவு | ஆபத்து | வயது |
|---|---|---|---|---|---|---|
| காகிதக் கூடு | நடுத்தரம் | பசை காயாது | இரண்டு அமர்வு | நடுத்தரம் | மெழுகுதிரி, பட்டரி | 5க்கு மேல் |
| காய், இலை | அதிகம் | கெடாது | விட்டு விட்டுச் செய்யலாம் | இல்லை | காட்டில் மட்டும் | 3க்கு மேல் |
| உருண்டை | மிக அதிகம் | குளிர் உதவும் | ஒரு மணி நேரத்துக்குள் | நடுத்தரம் | தொண்டையில் சிக்குவது | 3க்கு மேல் |
| டொபி | குறைவு | தட்டைச் சூடாக்க வேண்டும் | ஒன்றரை மணி வரை | அதிகம் | சூட்டுக் காயம் | 8க்கு மேல் |

உப்பு மாப் பொம்மையைப் பற்றியும் கேட்பார்கள். இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்று பிசைவது. நான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதால் நம் பக்கத்தில் பொம்மை சில நாளில் பிசுபிசுத்துவிடும். தவிரவும் 2022இல் மா விலை ஏறிய நாட்களைப் பார்த்த வீட்டில் மாவைப் பொம்மைக்குப் பிசைய மனசு வருவதில்லை.

## யாருக்கு எது

கையில் ஒரு பின்னேரம் மட்டும் இருந்தால், பிள்ளைக்கு மூன்று நாலு வயது என்றால், உருண்டையைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தீபாவளி முற்பணம் சம்பளத்தில் கழிந்து கொண்டிருக்கிற மாதம் என்றால் பைன் காய். அதை ஏழைக்கான இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். பிள்ளையிடம் கேட்டால் அந்த விரியும் காயைத்தான் முதலில் சொல்லும். வீட்டில் ஏழு எட்டு வயதுப் பிள்ளை இருந்து, மழை இரண்டு நாள் விட்டு, மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் உட்கார நேரம் உள்ளவராக இருந்தால் கூடு கட்டுங்கள். விருந்தாளி வருகிற பண்டிகை, பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டில் என்றால் டொபி.

இரண்டு வயதும் எட்டு வயதும் ஒரே வீட்டில் இருந்தால்தான் உண்மையான சிக்கல். அப்போது ஒரே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். பெரியது அடுப்பங்கரைக்கு வெளியே நின்று, அம்மா கொண்டுவரும் கோப்பையில் டொபியின் சொட்டுப் பதம் பார்க்கட்டும். சின்னது இஸ்தோப்பில் அம்மாயியோடு பைன் காயில் பஞ்சு செருகட்டும். டொபி ஆறியதும் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றட்டும்: பெரியது முறுக்க, சின்னது தட்டில் அடுக்க. பண்டிகைக்கு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வீடு வீடாகத் தட்டுக் கொண்டுபோகும்போது அந்த இரண்டு பேரையும் கூடவே அனுப்புங்கள்.